வெயில் வருவதற்கு முன்: பனிக் கூலுவார் வழியாகச் சிகரம் ஏறுவது எப்படி?

ஆல்ப்ஸ் மலைகளின் படம் ஏதாவது கிடைத்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கறுத்த பாறைச் சுவர்களுக்கு நடுவே மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள் இறங்குவது தெரியும். மலையேறிகள் இவற்றைக் கூலுவார் என்கிறார்கள். பாறையில் விரிசலோ நொய்ந்த பகுதியோ இருந்த இடம் காலப்போக்கில் அரிபட்டு, இரு பக்கமும் சுவர் நிற்க, நடுவில் செங்குத்தான ஒடுக்கமாகக் குடையப்பட்டிருக்கும். குளிர்காலம் முழுக்கப் பெய்யும் பனி அதில் தங்கி இறுகிவிடும். சுற்றிலும் தொட்டால் உதிரும் பாறை, நடுவில் மட்டும் அடியிலிருந்து முகடு வரை ஒரே நேராகப் பனி. உச்சிக்கு வழி தேடுகிறவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கூலுவார் ஏறும் அசைவு மிகச் சுலபம். பாறை ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் புதுப் பிடி தேட வேண்டும், விரல் நுனியில் தொங்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. காலால் உதைத்து ஊன்ற வேண்டும், எழும்ப வேண்டும், அடுத்த காலால் உதைக்க வேண்டும். ஆரோக்கியமான ஒருவர் அரை நாளில் கற்றுக்கொள்வார். ஆனாலும் நல்ல அனுபவசாலிகள்கூடக் கூலுவாரில் செத்திருக்கிறார்கள். பெரும்பாலும் பலம் குறைந்தோ தைரியம் குறைந்தோ அல்ல. தவறான மணிக்கு அங்கே இருந்ததால். விடியற்காலை 4 மணிக்குக் கல்லாய் இறுகிக் கிடக்கும் பள்ளம், பகல் 11 மணிக்குக் கல்லும் சேறுமாக ஓடத் தொடங்கிவிடும். கூலுவாரைப் புரிந்துகொள்வது என்றால் அதன் கடிகாரத்தைப் புரிந்துகொள்வதுதான். பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஒரு நிஜ மலையை வைத்துப் பார்க்கலாம்.

பிரான்ஸில் சாமோனி ஊருக்கு மேலே, மோன் பிளாங்க் மலைத்தொகுதியில், 4,122 மீட்டர் உயரத்தில் நிற்கிறது எகுய் வெர்ட். மோன் பிளாங்க் இதைவிட உயரம். ஆனால் அங்கே நடந்தே போகக்கூடிய பாதை உண்டு. வெர்டுக்கு அப்படிச் சுலபமான வழி எந்தப் பக்கமும் கிடையாது. 1865 ஜூன் 29 அன்று எட்வர்ட் விம்பர் என்ற 25 வயது ஆங்கிலேயர், கிறிஸ்டியன் ஆல்மர், ஃபிரான்ஸ் பீனர் என்ற இரண்டு சுவிஸ் வழிகாட்டிகளோடு முதன்முதலாக அதன் உச்சியைத் தொட்டார். தொழிலால் அவர் மரச்செதுக்கு ஓவியர். படம் வரையத்தான் முதலில் ஆல்ப்ஸுக்கு வந்தவர். தென்புறத்தில் தலேஃப்ர் பனியாற்றிலிருந்து முகட்டுக்கு ஏறும் நீண்ட பனிப்பள்ளம்தான் அவர்கள் பிடித்த வழி. இன்றும் அதற்கு விம்பர் கூலுவார் என்றே பெயர்.

அந்தப் பயணத்தில் ஒரு கிளைக்கதை உண்டு. கூடாரத்துக்குக் காவலாக ஒரு சுமைதூக்கியைச் சாப்பாட்டு மூட்டைகளோடு விட்டுவிட்டுப் போனார்கள். உச்சியைத் தொட்ட களிப்பில் பசியோடு திரும்பி வந்தால் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒயின் எதுவும் இல்லை. இவர்கள் இனி வரப்போவதில்லை என்று முடிவுகட்டி, அந்த ஆள் எல்லாவற்றையும் ஒருவராகவே காலி செய்துவிட்டார். ஊருக்குப் போனால் அங்கேயும் வரவேற்பு சரியில்லை. சாமோனி வழிகாட்டி ஒருவரையும் அழைத்துப் போகாமல் தங்கள் ஊர்ச் சிகரத்தை வெளியாட்கள் ஏறியதை உள்ளூர்க்காரர்கள் பெரிய பிரச்சினையாக்கினார்கள்.

சரி, கூலுவாருக்கு வருவோம். விம்பர் கூலுவாரின் உயரம் சுமார் 600 மீட்டர். சரிவு பெரும்பாலும் 45 டிகிரி முதல் 50 டிகிரி வரை, மேலே போகப் போக இன்னும் கொஞ்சம் நிமிரும். வீட்டு மாடிப்படிகள் சாதாரணமாக 30 முதல் 35 டிகிரி சரிவில் கட்டப்படுகின்றன. அதோடு ஒப்பிட்டால் பத்துப் பதினைந்து டிகிரிதான் கூடுதல் என்று காகிதத்தில் தோன்றும். நேரில் நின்றால் அப்படித் தோன்றாது. 50 டிகிரியில் நிமிர்ந்து நிற்கும்போது முகத்துக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பனிச்சுவர் இருக்கும். கால்களுக்கு இடையே குனிந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியும்.

கூலுவாரை எண்ணெய் ஊற்றும் புனலாக நினைத்துக்கொள்ளலாம். மேலே அகன்ற சுவர்களிலிருந்து உதிரும் பனி, கல், ஐஸ் துண்டு எல்லாமே இந்த ஒடுக்கத்தில்தான் வந்து சேரும். அதனால் பல கூலுவார்களின் நடுவில் ஒரு வாய்க்கால் செதுக்கப்பட்டிருக்கும்; அடியில் விசிறி வடிவில் பனிக்குப்பை குவிந்திருக்கும். குவியலில் புதுக் கற்கள் பதிந்து கிடந்தால் சமீபத்தில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. நடு வாய்க்காலில் ஏறக் கூடாது, ஓரமாகவே ஏற வேண்டும் என்பது முதல் பாடம். ஓரத்தில் இன்னொரு வசதி, பாறையில் கயிற்றைக் கட்ட ஆணியோ நங்கூரமோ போட இடம் கிடைக்கும்.

இப்போது கடிகாரம். பகலில் வெயில் பட்டுப் பனியின் மேற்பரப்பு இளகும், துகள்களுக்கு நடுவே நீர் சேரும். இரவில் அந்த நீர் உறைந்து துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். இப்படி இளகி உறைந்து, இளகி உறைந்து வந்த பனிதான் வசந்தகாலக் கூலுவாரின் நல்ல தரை. இரவு எவ்வளவு நன்றாக உறைந்தது என்பதுதான் மறுநாள் காலையின் பாதுகாப்பு.

இங்கே புதியவர்கள் வழக்கமாகத் தப்புக் கணக்குப் போடுவார்கள். காற்று எவ்வளவு குளிர் என்பதை மட்டும் பார்ப்பார்கள். உண்மையில் பனி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக நேரே வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் அந்த வெப்பம் போனது போனதுதான். காற்று பூஜ்ஜியத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடியிருந்தால் மேகம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், காற்று குளிர்ந்திருந்தாலும் பனி சொதசொதவென்றே கிடக்கும். அதனால்தான் அனுபவமுள்ள வழிகாட்டி நள்ளிரவில் குடிலின் கதவைத் திறந்து முதலில் நட்சத்திரங்கள் தெரிகின்றனவா என்று பார்க்கிறார். வெப்பமானியைப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான்.

அடுத்த சோதனை காலில். கிளம்பிப் பத்து நிமிடத்தில் பனி என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும். நன்றாக உறைந்த பனியில், பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்புச் சட்டத்தின் முட்கள் மட்டும் இறங்கும், நறநறவென்ற சத்தம் கேட்கும், பூட்ஸின் அடிப்பாகம் மேலேயே நிற்கும். மேலே ஒரு விரல்கடை தடிமனுக்கு ஓடு, கீழே ஈரச் சர்க்கரை மாதிரி தளதளப்பு என்றால் அது அரைகுறை உறைவு. வெயில் வந்த அரை மணியில் ஓடு போய்விடும். கால் கணுக்கால் வரை புதைந்தால் யோசிக்க வேண்டும். இருட்டிலேயே கெண்டைக்கால் வரை புதைகிறது என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, திரும்பிவிடலாம்.

உறைவு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கூலுவார் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. வெர்ட் சிகரத்திலேயே இரண்டு விதமும் இருக்கின்றன. வடபுறத்தில், அர்ஜான்தியேர் பக்கமாக இறங்குவது கூதூரியே கூலுவார். 1932-இல் மார்செல் கூதூரியே, அர்மான் ஷார்லே என்ற புகழ்பெற்ற வழிகாட்டியோடு போய் முதலில் ஏறியது. அது விம்பர் கூலுவாரைவிட நீளம். ஆனால் வடக்கு நோக்கியது என்பதால் வெயில் தாமதமாகவும் சாய்வாகவும்தான் படும். விம்பர் கூலுவார் தென்கிழக்கைப் பார்த்தது. சூரியன் எழுந்ததுமே முழு வெளிச்சமும் அதன் மேல்தான். முதல் கதிர் பட்ட சிறிது நேரத்தில் சுவர்களில் கற்களைப் பிடித்துவைத்திருந்த ஐஸ் விடத் தொடங்கும். முதலில் கோலிக்குண்டு அளவில் வரும். அப்புறம் எல்லா அளவிலும் வரும்.

எனவே நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். கிளம்பும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு எத்தனை மணிக்கு உச்சி என்று கூட்டிக்கொண்டு போவது பேருந்துப் பயணத்துக்குச் சரி. இங்கே முதல் கேள்வி, பள்ளத்தைவிட்டு எத்தனை மணிக்கு வெளியேறியிருக்க வேண்டும்? ஜூன் மாத நல்ல நாள் ஒன்றில் காலை 10 மணி என்று வைத்துக்கொள்வோம். இறங்க 3 மணி நேரம் என்றால் உச்சியிலிருந்து 7 மணிக்குத் திரும்ப வேண்டும். 600 மீட்டர் ஏறவும் அதற்கு மேல் உள்ள முகட்டைக் கடக்கவும் 4 மணி நேரம் என்றால், அடியில் உள்ள பிளவை 3 மணிக்குத் தாண்ட வேண்டும். பனியாற்றில் இருட்டில் நடந்து அங்கே போய்ச் சேர 3 மணி நேரம். ஆக, 2,687 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூவெர்க்ல் குடிலிலிருந்து நள்ளிரவில் கிளம்ப வேண்டும். இதில் தண்ணீர் குடிக்க, கயிறு சிக்கினால் பிரிக்க, வழி தவறினால் திரும்ப என்று எதற்கும் நேரம் ஒதுக்கவில்லை. ஆகவே இரவு 11 மணிக்கே கிளம்புகிறவர்கள் உண்டு. சாயங்காலம் 6 மணிக்குச் சாப்பிட்டுப் படுத்து, தூக்கம் வராமல் புரண்டு, முன்னிரவிலேயே எழுந்து கிளம்புவதற்கு ஆசை மட்டும் போதாது, கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

அடியில் உள்ள பிளவு என்றேனே, அதற்கு பெர்க்ஷ்ருண்ட் என்று ஜெர்மன் பெயர். பனியாறு மெல்ல நகரும். மலையோடு ஒட்டிய பனி நகராது. இரண்டும் பிரியும் இடத்தில் வாய் பிளந்தது போல் ஆழமான வெடிப்பு விழும், மேல் உதடு சில இடங்களில் ஆளுயரத்துக்குத் தொங்கும். வசந்தகாலத்தில் அதன் மேல் பனிப்பாலம் இருக்கும், மெதுவாகத் தாண்டிப் போய்விடலாம். கோடை முற்ற முற்றப் பாலம் மெலிந்து ஒடிந்துவிடும். ஒரு பருவத்தில் கூலுவார் 'மூடிவிட்டது' என்று சொல்கிறார்கள் என்றால் பல சமயம் காரணம் மேலே உள்ள 600 மீட்டர் அல்ல, இந்த மூன்று மீட்டர்தான். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் உறைந்து நின்ற பாலத்தின் மேல்தான் திரும்பி வரவும் வேண்டும், அப்போது அது வெயிலில் இளகியிருக்கும்.

பிளவைத் தாண்டிய பிறகு நான் முன்பு சொன்ன உதை, எழும்பு, உதை. கிராம்பானின் முன்பக்கம் இரண்டு முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். முழங்காலிலிருந்து காலை ஊஞ்சல் போல் ஆட்டி ஒரே உதை, குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்திவைத்தால் முட்கள் பதியும். குதிகாலைத் தூக்கினால் முட்கள் நெம்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். களைப்பில் எல்லோரும் தூக்குவார்கள். கையில் உள்ள பனிக்கோடரியின் காம்பை முதலில் ஊன்றுகோலாகச் செருகுவார்கள். சரிவு நிமிர்ந்ததும் கோடரித் தலையைப் பிடித்து அலகை நெஞ்சுயரத்தில் பனிக்குள் குத்துவார்கள். பின்னால் வருபவர் முன்னால் போனவரின் குழியிலேயே கால் வைப்பார். முன்னால் போகிறவருக்குத்தான் வேலை அதிகம் என்பதால் முறை மாற்றிக்கொள்வது நல்லது. கெண்டைக்கால் எரியத் தொடங்கியதும் ஒரு காலைப் பக்கவாட்டில் திருப்பி, பாதம் முழுவதையும் பதித்து ஓய்வு கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 600 மீட்டரும் முன் முட்களிலேயே போனவருக்கு இறங்கும்போது கால் தானாக நடுங்கும்.

இந்த முன் முட்கள் விம்பர் காலத்தில் கிடையாது. ஆஸ்கர் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயர் 1908-இல் வடிவமைத்த கிராம்பானில் பத்து முட்களும் கீழ்நோக்கியே இருந்தன. இத்தாலியில் கிரிவெல் குடும்பத்துப் பட்டறை 1929-இல்தான் முன்னால் இரண்டைச் சேர்த்தது. அதற்கு முன் ஆணி அடித்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்டிக்கொண்டு போனார்கள். ஆஸ்திரியாவின் மிக உயரமான மலை கிராஸ்குளோக்னர், 3,798 மீட்டர். அதன் வடகிழக்குச் சுவரில் உள்ள பல்லவிச்சினி கூலுவாரை 1876-இல் முதலில் ஏறியபோது ஹான்ஸ் டிரிபுஸர் என்ற வழிகாட்டி மட்டும் சுமார் 2,500 படிகள் வெட்டினாராம். பின்னால் வந்த பல்லவிச்சினி பிரபுவின் பெயர்தான் கூலுவாருக்கு நிலைத்தது என்பதை எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

விழுந்தால்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 45 டிகிரிச் சரிவில் இறுகிய பனியின் சொற்ப உராய்வைக் கழித்தால், வழுக்கிய ஆள் 2 நொடியில் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். 3 நொடியில் 65-ஐத் தாண்டிவிடும். வழவழப்பான மழைக்கோட்டும் பேன்ட்டும் போட்டிருந்தால் இன்னும் வசதி, பனிக்கு. குப்புறப் புரண்டு, உடல் எடையைக் கோடரி அலகின் மேல் போட்டு அழுத்தி நிறுத்தும் ஒரு முறை இருக்கிறது. எல்லா மலையேற்றப் பள்ளியிலும் கற்றுத் தருவார்கள். ஆனால் அதைச் செய்ய முதல் ஓரிரு நொடிதான் இருக்கிறது. 50 டிகிரி கடினப் பனியில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஆகவே விழாமலிருப்பதுதான் திட்டம், விழுந்ததும் நிறுத்துவது இரண்டாம் பட்சம்.

"கயிறுதான் இருக்கிறதே" என்பார்கள். கயிறு பற்றி நாம் சினிமாவில் கற்றது பாதி தவறு. இரண்டு பேர் கயிற்றில் பிணைந்து, அந்தக் கயிறு மலையில் எங்கேயும் கட்டப்படாமல் ஏறினால், ஒருவர் விழுந்ததும் இருவரும் விழுவார்கள். கயிறு காப்பாற்ற வேண்டுமானால் அது பாறையில் பதித்த ஆணியிலோ, ஐஸுக்குள் திருகி இறக்கும் ஐஸ் ஸ்க்ரூவிலோ, பனியில் ஆழமாகப் புதைத்த உலோகத் தகட்டிலோ மாட்டப்பட்டிருக்க வேண்டும். விம்பரே இதை மிகக் கொடூரமாகக் கண்டார். வெர்ட் ஏறிய 15 நாளில், 1865 ஜூலை 14 அன்று, மேட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்ட ஏழு பேரில் அவரும் ஒருவர். இறங்கும்போது ஒருவர் வழுக்கினார், கயிற்றில் பிணைந்த மூவரையும் இழுத்துக்கொண்டு போனார். கயிறு அறுந்ததால்தான் மற்ற மூவர் பிழைத்தார்கள். இறந்த நால்வரில் ஒருவர் சார்லஸ் ஹட்சன். அவர் அதற்கு ஒன்பது நாள் முன்புதான், ஜூலை 5 அன்று, வெர்டின் இன்னொரு வழியான மோயின் முகட்டை ஏறி முடித்திருந்தார்.

அதே சமயம் ஒவ்வொரு கயிற்று நீளத்துக்கும் நின்று, நங்கூரம் போட்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினால் நேரம் இரண்டு மூன்று மடங்காகும். நேரம் போனால் வெயில் வரும், வெயில் வந்தால் கல் வரும். கூலுவாரின் மையச் சிக்கலே இதுதான்: விழுவதற்கு எதிரான பாதுகாப்பைக் கூட்டினால் கல்லுக்கு எதிரான பாதுகாப்பு குறைகிறது. நடுவழி ஒன்று உண்டு. இருவருக்கும் இடையே எப்போதும் ஓரிரு நங்கூரம் கயிற்றில் மாட்டியிருக்கும்படி, நிற்காமல் சேர்ந்தே ஏறுவது. அதற்கு இருவருமே தடுமாறாமல் நடப்பவர்களாக இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், 45 டிகிரியில் கயிறே இல்லாமல் ஏற மனம் ஒப்பாத ஒருவர் அந்தக் கூலுவாருக்கு இன்னும் தயாராகவில்லை. கயிறு அவரைத் தயாராக்கிவிடாது.

கற்கள் பற்றிப் பேசும்போது குஜ்தே கூலுவாரைச் சொல்லாமல் விட முடியாது. மோன் பிளாங்கின் சாதாரணப் பாதையில் வரும் பள்ளம் அது. அதை யாரும் ஏறுவதில்லை, நூறு மீட்டர் போலக் குறுக்கே கடக்கிறார்கள், அவ்வளவுதான். அதைக் கடந்து போகும் அந்தப் பகுதியில் 1990 முதல் 2017 வரை நூறு பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2022 கோடை வெப்பத்தில் கல்விழுதல் அளவு மீறியபோது உள்ளூர் வழிகாட்டிகள் அந்தப் பாதையில் ஆட்களைக் கூட்டிப்போவதை நிறுத்தினார்கள். அப்போதும் சிலர் கேட்காமல் போகவே, செங் ஜெர்வே ஊரின் மேயர், மீட்புச் செலவுக்கும் ஈமச்சடங்குச் செலவுக்கும் சேர்த்து ஆளுக்கு 15,000 யூரோ முன்பணம் கட்டிவிட்டுப் போகட்டும் என்று அறிவித்தார். பாறைக்குள்ளேயே நிரந்தரமாக உறைந்திருந்த ஐஸ் இப்போது கோடையில் இளகுகிறது. முன்பு ஜூலையில் ஏறிய கூலுவார்களில் பலவற்றை இன்று மே, ஜூன் மாதங்களிலேயே முடித்துவிடப் பார்க்கிறார்கள். பழைய வழிகாட்டி நூலில் உள்ள பருவத்தை அப்படியே நம்பிப் போகக் கூடாது.

பனிச்சரிவு தனி அத்தியாயம். தட்டுத்தட்டாகப் பிய்ந்து ஓடும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவுகளில் நடக்கின்றன. கூலுவாரின் அடிப்பகுதி சரியாக அதற்குள் விழுகிறது. புதுப் பனி பெய்த உடனே, அல்லது காற்று முகட்டின் மறுபக்கத்திலிருந்து பனியை அள்ளி இந்தப் பக்கம் கொட்டிய பிறகு, குறைந்தது சில நாள் விட்டுவைக்க வேண்டும். 1964 ஜூலை 7 அன்று இதே எகுய் வெர்டில் ஒரு பனிச்சரிவு 14 பேரைக் கொன்றது. அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல, சாமோனியின் தேசிய மலையேற்றப் பள்ளியின் பயிற்றுநர்களும் வழிகாட்டியாகப் பயின்றுகொண்டிருந்தவர்களும். 1962-இல் பனிச்சறுக்கில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற ஷார்ல் போசோன் அதில் ஒருவர்.

கடிகாரம் உதவாத ஆபத்தும் ஒன்று உண்டு. கூலுவாரின் தலைக்கு மேலே பனியாற்றின் முனை தொங்கிக்கொண்டிருந்தால், அதன் ஐஸ் பாளங்கள் இரவு பகல் பார்க்காமல் விழும். அவற்றைத் தள்ளுவது வெயில் அல்ல, பனியாற்றின் நகர்வு. கே2 மலையில் சுமார் 8,200 மீட்டர் உயரத்தில் உள்ள 'பாட்டில்நெக்' கூலுவார் இப்படிப்பட்டது. 2008 ஆகஸ்டில் இரண்டு நாட்களில் அங்கே 11 பேர் இறந்ததற்குப் பாளங்கள் சரிந்து, ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ள மலையில் கட்டி வைத்திருந்த நிலைக்கயிறுகளை அறுத்துப்போனது முக்கியக் காரணம். இம்மாதிரி இடத்தில் சீக்கிரம் கிளம்பிப் பயனில்லை, சீக்கிரம் கடந்தால்தான் பயன். முடிந்தால் போகாமலே இருப்பது இன்னும் நல்லது.

கூலுவார் முடிந்து முகட்டுக்கு வந்ததும் பலருக்கு உடல் தளர்ந்துவிடும். ஆனால் அங்கே கார்னிஸ் காத்திருக்கும். காற்று முகட்டைத் தாண்டி வீசும்போது மறுபக்கம் பனி கூரை இறவாரம் போல வெளியே வளர்ந்துவிடும், அடியில் ஒன்றும் இருக்காது. மேலே நிற்பவருக்கு அது கெட்டியான முகடாகவே தெரியும். ஒடியும்போது விளிம்பில் மட்டும் ஒடியாது, எதிர்பார்த்ததைவிட நன்றாக உள்ளே தள்ளி ஒடியும். பல்லவிச்சினி பிரபு 1886-இல் கிராஸ்குளோக்னருக்குப் பக்கத்திலேயே உள்ள குளோக்னர்வாண்டில் கார்னிஸ் ஒடிந்துதான் கூட வந்தவர்களோடு இறந்தார். உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் முகட்டின் விளிம்பிலிருந்து பல மீட்டர் கீழே, சரிவின் மேல் நடக்க வேண்டும்.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவீதம். சில நாள் முன்பே 3,000 மீட்டருக்கு மேல் தூங்கிப் பழகாமல் போனால் மேல்பாதியில் நடை பாதியாகக் குறையும். மேலே போட்ட நேரக்கணக்கு முழுக்க அங்கே நாசமாகும்.

உச்சியைத் தொட்டதும் வேலையில் பாதிதான் முடிந்தது. ஏறும்போது உறைந்திருந்த பள்ளம் இப்போது இளகத் தொடங்கியிருக்கும். கிராம்பான் அடியில் ஈரப் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், நாலு அடிக்கு ஒருமுறை கோடரியால் தட்டிவிட வேண்டும். செங்குத்தான இடங்களில் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஏறியது போலவே பின்னோக்கி இறங்க வேண்டும். அல்லது ஓரப் பாறைகளில் ஏற்கெனவே உள்ள நங்கூரங்களில் கயிற்றைக் கோத்து இறங்கலாம். நேரம் தாண்டிவிட்டால் கூலுவாரையே விட்டுவிட்டு மோயின் முகடு வழியாக இறங்குவார்கள். அது நீளம், வழி கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனால் கல் தலையில் விழாது. கணக்குப் பிசகியவர்களுக்கு இப்படி மாற்று வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கீழே குடிலில் இருக்கும்போதே படித்துவைத்திருந்தால்தான் மேலே களைத்த தலைக்கு அது உதவும். ஸ்விட்சர்லாந்தின் சில்வேன் சோதான் 1968-இல் இதே கூலுவாரைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் இறங்கினார். அது வேறு ஜாதி மனிதர்களின் விஷயம், நமக்கு வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து இதைக் கற்க விரும்புகிறவர்கள் ஆல்ப்ஸுக்குப் போக வேண்டியதில்லை. டார்ஜீலிங்கில் 1954 முதலும் உத்தரகாசியில் 1965 முதலும் மலையேற்றப் பயிற்சி நிறுவனங்கள் இயங்குகின்றன. அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ நான்கு வாரம். கோடரி பிடிப்பது, கிராம்பானில் நடப்பது, விழுந்து நிறுத்துவது எல்லாம் அங்கே பனியிலேயே நடக்கும். அதற்குப் பிறகு முதல் கூலுவாரைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் பெயரையும் மறந்துவிடுங்கள். நூற்றைம்பது இருநூறு மீட்டர் போதும். சரிவு 35, 40 டிகிரிக்குள் இருக்கட்டும், வடக்கைப் பார்த்ததாக இருக்கட்டும், மேலே கார்னிஸோ தொங்கும் ஐஸோ வேண்டாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக அடிவாரத்தைப் பாருங்கள். அங்கே பாறையோ பிளவோ இல்லாமல் சரிவு மெல்லத் தணிந்து தட்டையான பனிவெளியில் முடிய வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வழுக்கினால் கீழே போய் நின்று, சட்டைக்குள் புகுந்த பனியை உதறிவிட்டு, அடுத்த முறை ஏறலாம்.